ஆறாவது பட்டை

அஞ்சு பட்டையும் அடம்பிடிக்காமல் ஏறிவிட்டன. ஆறாவதுதான் கழுத்தை அறுத்தது.

சித்திரை மாதத் திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. நெடுங்கரம்பை வடக்குத் தேரோடும் வீதியில், பெரிய கண்மாய்க்குப் போகிற வரத்து வாய்க்காலின் மேல் ஒரு பழைய பாலம். அதற்கு அடியில், சொட்டுத் தண்ணீர் இல்லாத வாய்க்கால் மணலில், கழுத்து வலிக்க வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றாள் வனிதா. இலுப்பூர்க்காரி. திருச்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் இஞ்சினியர். தளர்ந்துபோன கட்டடத்துக்கும் பாலத்துக்கும் தெம்பேற்றுவதுதான் அந்தக் கம்பெனியின் பிழைப்பு.

"எட்டு டன் மேடம்," என்றார் ஜாக்கியைப் பிடித்திருந்த முத்துராஜ். பத்து வருஷமாக இதே வேலை பார்க்கிற மனிதர். வழக்கமாக வாய் ஓயாமல் பேசுவார். இன்றைக்கு டன் கணக்கை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏத்துங்க. மெதுவா."

இதில் மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. நாடாக் கட்டில் தொய்ந்துபோனால் என்ன செய்வோம்? நாடாவை இழுத்து இறுக்கிக் கட்டுவோம். அதேதான் இதுவும். இங்கே நாடா என்பது கார்பன் நாரில் செய்த கறுப்புப் பட்டை. அகலம் ஒரு உள்ளங்கை, கனம் ஒரு ரூபாய்க் காசு அளவு. பார்த்தால் பெல்ட் என்று நினைத்து இடுப்பில் கட்டிக்கொள்ளத் தோன்றும். ஆனால் பதினாலு டன் இழுத்தாலும் அறாது. பாலத்தைத் தாங்குகிற கான்கிரீட் உத்தரத்தின் அடிவயிற்றில் பசையைத் தடவி, பட்டையை வைத்து, இரண்டு முனையையும் இரும்புக் கவ்வியில் கடிக்கவிட்டு, ஜாக்கியால் பதினாலு டன் வரை இழுத்து, இழுத்தபடியே பூட்டிவிட வேண்டும். பட்டை சுருங்கப் பார்க்கும், கவ்வி விடாது. அந்த இழுபறியில் உத்தரம் மேலே நிமிரும், அதன் விரிசல் மூடும். மூன்று உத்தரம், உத்தரத்துக்கு இரண்டு பட்டை. அஞ்சு முடிந்துவிட்டது.

தொல்லை பிடித்த சாமான் அந்தப் பசைதான். கலந்த நிமிஷத்திலிருந்து அது இறுக ஆரம்பித்துவிடும். குளிர்ந்த காலையில் நாற்பது நிமிஷம் பொறுக்கும். வெயில் ஏறிவிட்டால் இருபது நிமிஷம்கூடத் தாங்காது. அதனால்தான் வனிதா அஞ்சு பட்டையையும் நாளுக்கு ஒன்றாக, காலை ஏழரைக்கே ஆரம்பித்து, எட்டரைக்குள் முடித்திருந்தாள். ஆறாவதுக்கும் ஏழரைக்குத்தான் திட்டம். சரியாக ஏழேகாலுக்கு வந்து நின்றார் குமரப்பன்.

திருவிழாக் கமிட்டித் தலைவர் அவர். சென்னையில் தொழில், ஊரில் பெரிய வீடு. அதட்டிப் பேசவே தெரியாதவர். அதுதான் சிக்கலே. அதட்டினால் திருப்பி அதட்டலாம்.

"திங்கக்கிழமைம்மா. ஏழரையிலேருந்து ஒம்பது ராகு காலம். அஞ்சையும் நல்ல நேரத்துல போட்டாச்சு, முடிக்கிறதைப் போயி ராகு காலத்துலயா முடிக்கிறது? ஒன்றரை மணி நேரம்தானே. ஊரு மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் அத்தனை பணிவாகக் கேட்கிறார், பின்னால் பத்துப் பேர் தேங்காய்த் தட்டோடு நிற்கிறார்கள், நமக்கு எதுக்கு வம்பு என்று தலையை ஆட்டிவிட்டாள். ஒன்பது மணிக்குத் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, எல்லாரும் கும்பிட்டு, ஒருவர் போட்டோ எடுத்து, பசையைக் கலக்கும்போது மணி பத்து. நல்ல நேரமாம், நல்ல நேரம்!

"ஒம்பது டன்."

கவ்விக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். வெடி வெடித்த மாதிரி பாலத்தடி முழுக்க எதிரொலித்தது. முத்துராஜ் ஜாக்கியை விட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பட்டை அறுந்துவிட்டது என்றுதான் வனிதாவும் நினைத்தாள். அறவில்லை. கவ்விக்குள் வழுக்கியிருந்தது. வெயிலின் அவசரத்தில் கவ்வியை வேகமாக இறுக்கியிருக்கிறார்கள், ஒரு பக்கம் சரியாகக் கடிக்கவில்லை.

"கழட்டித் திரும்பக் கடிக்க விடலாமா மேடம்?"

அவள் பசையை விரலால் தொட்டுப் பார்த்தாள். களி பதத்துக்கு வந்திருந்தது. கழற்றிப் பூட்ட அரை மணி நேரம் வேண்டும், பசையோ பத்து நிமிஷம்கூடப் பொறுக்காது. கையில் மாற்றுப் பட்டை கிடையாது. வெளியிலிருந்து வந்து சேர மூன்று வாரம் ஆகும். தேருக்கோ இன்னும் பதினோரு நாள்தான்.

"எவ்வளவுல நிக்குது?"

"எட்டு."

"எட்டுலயே பூட்டுங்க," என்றாள்.

நெடுங்கரம்பைக்கு இந்தப் பாலம் ஏன் இத்தனை பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஆறு வருஷத்துக்கு முன்னால், பாலத்தடியில் விரிசல் விழுந்து கம்பி தெரிகிறது என்று கனரக வண்டி எதுவும் ஏறக் கூடாதென்று தடை போட்டுவிட்டார்கள். அம்மன் தேர் நாலு வீதியும் சுற்றித்தான் நிலைக்கு வர வேண்டும், பாலமோ வடக்கு வீதியின் நட்டநடுவில் இருக்கிறது. அன்றிலிருந்து தேர் பாலம் வரைக்கும் வரும், நிற்கும், பிறகு வடத்தைப் பின்னால் கட்டி, வந்த வழியே பின்னோக்கி இழுத்துக்கொண்டு போவார்கள். அம்மனைப் புறமுதுகாக இழுத்துப் போகிற ஊர் என்று பக்கத்து ஊர்க்காரன் சிரித்தான். சம்பந்தம் பேச வந்த இடத்தில்கூட இதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் தேர் சுற்றி வரும் என்று குமரப்பன் ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைத் தூக்கி வனிதாவின் தலையில் வைத்திருந்தார்.

அன்று மத்தியானம் சோறு தண்ணி இல்லாமல் கணக்குப் போட்டாள். தேரின் எடையை அவளே அளந்திருந்தாள். நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஜாக்கி வைத்து, மூலை மூலையாக மயிரிழை தூக்கிப் பார்த்ததில் மரமும் இரும்பும் சேர்ந்து இருபத்துநாலு டன். அலங்காரத்தோடு இருபத்தெட்டு. ஆறு பட்டையும் பதினாலில் நின்றிருந்தால் பாலம் நாற்பது டன்னையும் சிரித்துக்கொண்டே சுமக்கும். ஆறாவது எட்டில் நிற்கும்போது முப்பது. அதற்கு மேல் போனால் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.

புதன்கிழமை கோயில் மண்டபத்தில் கமிட்டியைக் கூட்டி, ஒளிக்காமல் சொன்னாள். "கடைசிப் பட்டை முழுசா இழுபடலை. தேர் போகலாம். தேர் மட்டும்தான் போகலாம். என்னென்ன ஏறும்னு ஒண்ணு விடாம சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சொன்னார்கள் பாருங்கள்! மூங்கில், துணி, வாழைமரம், இளநீர்க் குலை, குருக்கள் நாலு பேர், நாதசுரம் ரெண்டு, தவில் ரெண்டு. அர்ச்சனைத் தேங்காய்க் கூடையை விட்டுவிட்டார்களே என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். குருக்களில் ஒருவர் ரொம்ப கனம், அவரை இரண்டு ஆளாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று இன்னொருவர் சொன்னதும் மண்டபமே சிரித்தது. வடம் நாற்பது மீட்டர் நீளம் என்பதால் இழுக்கிறவர்கள் முதலில் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டுத்தான் இழுக்க வேண்டும், தேர் மேலே இருக்கும்போது பாலத்தில் ஒரு ஈ காக்கை நிற்கக் கூடாது என்று முடிவானது.

"நான் நிக்கணுமேம்மா?" என்று எழுந்தார் சேவுகன். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். ஓடுகிற தேரின் சக்கரத்துக்குக் குறுக்கே ஆப்பு மாதிரி மரக்கட்டையைப் போட்டு நிறுத்துவதும், தட்டித் திருப்புவதும் அவர் வேலை. தேருக்கு பிரேக் என்றால் அவர்தான். முன்கோபி, வாயும் கொஞ்சம் நீளம்.

"நீங்களும் ஒங்க ஆளுக மூணு பேரும் மட்டும். ஒங்க வெயிட் என்ன?"

"சாப்பிட்டா அறுவது. சாப்பிடாட்டி அம்பத்தெட்டு."

"சாப்பிட்டே வாங்க," என்று எழுதிக்கொண்டாள்.

எல்லாம் எழுதி, குமரப்பன் கையெழுத்துப் போட்டார். இளநீர்க் குலை முதல் சேவுகன் சாப்பாடு வரை கணக்கில் வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்று. அத்தனை பேர் கண்ணிலும் வருஷா வருஷம் பட்டது, ஒருவர் வாயிலும் வரவில்லை. யாரும் மறைக்கவில்லை, சத்தியமாக மறைக்கவில்லை. இருங்கள், வருகிறேன்.

தேர் நாள் வெள்ளிக்கிழமை. எட்டரைக்கு வடம் பிடித்தாகிவிட்டது. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு. பாலத்தடியில் நடு உத்தரத்துக்குக் கீழே வனிதா ஒரு இரும்புக் கம்பத்தை நட்டு, அதன் தலையில் டயல் கேஜைப் பொருத்தியிருந்தாள். கடிகாரம் போல வட்ட முகம், ஒற்றை முள். உத்தரம் மயிரிழை தாழ்ந்தாலும் முள் காட்டிக்கொடுத்துவிடும். தேர் ஏறினால் மூன்று மில்லிமீட்டர் வரை தாழலாம். நாலைத் தொட்டால் விரிசல் வாயைத் திறந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

"நீங்க கீழ நிக்கிறது எனக்குப் பிடிக்கலை மேடம்," என்றார் முத்துராஜ்.

"எனக்கும்தான் பிடிக்கலை. முள்ளைப் படிக்கணும்னா பக்கத்துல நின்னுதானே ஆகணும். நீங்க மேல கைப்பிடிச் சுவருக்கு வெளியில நில்லுங்க. நான் விசில் அடிச்சா சிவப்புத் துண்டை ஆட்டுங்க. துண்டு ஆடுனா எல்லாம் நிக்கணும்."

பத்து மணிக்குத் தேர் வடக்கு வீதி முக்கில் திரும்பியது. கொட்டுச் சத்தமும் வேட்டும் நெருங்கி வர, ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம் என்று வனிதா கரையேறினாள். அடேயப்பா, அதுவும் ஒரு அழகுதான். ஐம்பதடி உயரத்தில் சீலைகள் படபடக்க, வீதியை அடைத்துக்கொண்டு அம்மன் ஆடி ஆடி வருகிறாள். கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

தேருக்குப் பின்னால் மஞ்சளாக என்னவோ தெரிந்தது.

ஜேசிபி. நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்தில் ரோஜா மாலை, முன்னால் வாழைக்கன்று. தன் வாளியில் வைக்கோல் மெத்தை கட்டி, தேரின் பின்கட்டையில் முட்டுக் கொடுத்து உறுமிக்கொண்டே தள்ளி வருகிறது. எட்டு டன் மெஷின். இருபத்தெட்டும் எட்டும் எத்தனை என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எப்படி விட்டுப்போனது என்றால், இப்படித்தான். பாலம் மூடின பிறகுதான், நாலு வருஷத்துக்கு முன்னால், தேர் தள்ள மெஷின் வந்தது. பாலத்தில் அந்த மெஷின் ஏறினதே இல்லை. தேரில் ஏறுவதை எல்லாம் சொல்லுங்கள் என்றாள் அவள், தேரில் ஏறுவதை எல்லாம் சொன்னார்கள் அவர்கள். மெஷின் தேரில் ஏறுகிறதா என்ன? அது பாட்டுக்குப் பின்னால் வருகிறது. இலுப்பூர்ப் பக்கம் கையால் இழுக்கிற சின்னத் தேர்களைப் பார்த்து வளர்ந்த வனிதாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். "நிப்பாட்டுங்க! மெஷினை நிப்பாட்டுங்க!" கொட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கடைசியில் சேவுகனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், மறுபேச்சுப் பேசாமல் கட்டையைச் சக்கரத்தில் கொடுத்தார். பாலத்துக்கு இருபதடி முன்னால் தேர் குலுங்கி நின்றது. வேர்க்க விறுவிறுக்க குமரப்பன் வந்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"மெஷின் பாலத்துல ஏறக் கூடாதுங்கய்யா. தேர் மட்டும்தான்."

அவர் முகம் வெளுத்தது. கூர்மையான மனிதர், விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஏற்றுக்கொள்ள மனசு வர வேண்டுமே. "பாலம் வீதியை விட ஒண்ணரை அடி ஏத்தம்மா. மெஷின் இல்லாம ஏறாது. நாலு வருஷமா கையால தள்ளிப் பழக்கமே இல்லை. ஒரு அஞ்சு நிமிஷம், ஒரே மூச்சுல தாண்டிரும். பத்தரை ஆகப்போவுது."

"முடியாதுங்க."

"ஒங்க பாலம்தானம்மா? நீங்க கட்டுன பட்டைதானே?" குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "சரி, ஒண்ணு கேக்குறேன், உள்ளதைச் சொல்லுங்க. அந்தக் கடைசிப் பட்டையை முழுசா இழுத்திருந்தா ரெண்டும் சேந்து போயிருக்குமா, போயிருக்காதா?"

சுற்றி நின்ற அத்தனை முகமும் அவளைப் பார்த்தது. பொய் சொல்லிவிடலாம். போயிருக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் பழி பாதி குறையும்.

"போயிருக்கும்."

"அப்ப தப்பு யார் பேர்ல?"

"என் பேர்லதாங்க." தேருக்கும் பாலத்துக்கும் நடுவில் போய் நின்றாள். "ராகு காலம் போகட்டும்னு அன்னைக்கு நீங்க சொன்னப்ப, முடியாதுன்னு நான் சொல்லலை பாருங்க, அதுதான் தப்பு. அன்னைக்குச் சொல்லாததை இன்னைக்குச் சொல்றேன். முடியாது. மெஷின் ஏறுச்சுன்னா நான் தேருக்கு முன்னாடி படுத்துருவேன்."

படுத்தாலும் படுப்பாள் என்றுதான் இருந்தது அவள் நின்ற நிலை. குமரப்பன் தேரை அண்ணாந்து பார்த்தார். இன்றைக்கும் பின்னோக்கி இழுப்பதா என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. பிறகு சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினார்.

"ராக்கா, மெஷினை ஓரங்கட்டு. எல்லாரும் வடத்துக்கு வாங்க. வேடிக்கை பாக்குறவன் எவனா இருந்தாலும் வாங்க!"

மெஷின்காரன் ராக்கனுக்கு முகம் சுண்டிப்போனது. முப்பது வயசு ஆள், நாலு வருஷமாக விரதமிருந்து அம்மனைத் தள்ளுகிறவன். மெஷினைத் தேரிலிருந்து பத்தடி பின்னால் எடுத்து நிறுத்தினான். இஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, வனிதாவும்தான் கவனிக்கவில்லை. அவள் வாய்க்காலுக்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

கீழே வந்து முள்ளைப் பார்த்தாள். பூஜ்யம். மேலே பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வடம் விறைத்தது. "இழுங்கப்பா" என்று குமரப்பனின் கத்தல். ஒரு நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. பிறகு முன்சக்கரம் ஏறிய அதிர்ச்சியில் பாலம் முழுக்க ஒரு முனகல் ஓடியது.

அரை மில்லி. ஒன்று. ஒன்றேகால்.

தலைக்கு மேல் இருபத்தெட்டு டன் நகர்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. இடி இறங்கி நின்றுவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. காரைத் தூள் கழுத்துக்குள் கொட்டியது. இரண்டு. இரண்டரை. பின்சக்கரமும் ஏறிவிட்டது. இரண்டு புள்ளி எட்டு. கணக்குப் போட்ட இடத்தில் கச்சிதமாக முள் நின்றது. வனிதாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அட, தாங்குகிறதடி!

அந்த நேரம் பார்த்துத் தேர் நின்றது.

நட்டநடுப் பாலத்தில், கான்கிரீட் ஒட்டுப் போட்டிருந்த ஒரு விளிம்பில் முன்சக்கரம் இடித்துக்கொண்டது. வடம் இழுத்தவர்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. இழுங்கள் இழுங்கள் என்று நூறு பேர் கத்துகிறார்கள், தேர் ஒரு விரல்கடை நகரவில்லை. கொட்டுக்காரர்கள் வெறி வந்த மாதிரி அடித்தார்கள். யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். அந்த இரைச்சலுக்குள் ஒரு குரல், அப்புறம் பத்துக் குரல், அப்புறம் வீதியே சேர்ந்து கத்தியது.

"தள்ளுடா ராக்கா! ஒரு தள்ளு தள்ளுடா!"

உறுமல் எழுந்ததை வனிதா காதால் கேட்கவில்லை, உள்ளங்காலால் கேட்டாள். முள் துடித்தது. மூன்று. மூன்று புள்ளி இரண்டு.

விசிலை வாயில் வைத்து உயிரைக் கொடுத்து ஊதினாள். கைப்பிடிச் சுவருக்கு வெளியே முத்துராஜின் சிவப்புத் துண்டு பேய் பிடித்த மாதிரி ஆடுவது தெரிந்தது. சிவப்புத் துண்டா? வீதி முழுக்க அன்றைக்குச் சிவப்புத் துண்டுதான். அம்மனுக்கு வேண்டிக்கொண்டவன் எல்லாம் அதைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றரை. ஆறாவது பட்டையிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான், கம்பு ஒடிக்கிற மாதிரி. பசை விட்டுக்கொடுக்கிற சத்தம். ஓட வேண்டும் என்று அறிவு சொன்னது. இரண்டே எட்டில் வெளியே போய்விடலாம். ஆனால் மேலே தேரில் நாலு குருக்கள், நாலு மேளக்காரர்கள், சக்கரத்தடியில் சேவுகனும் மூன்று ஆட்களும். போகலாம் என்று சொன்னது இவள். கால் நகரவில்லை. மூன்று புள்ளி ஏழு. மூன்று புள்ளி எட்டு. அம்மா தாயே, அம்மா தாயே என்று வாய் தன்பாட்டுக்கு முனகியது.

'தொம்' என்று எதுவோ விழுந்தது. இஞ்சின் ஒரு தரம் இருமி நின்றுபோனது. கொட்டுச் சத்தத்தையும் மீறி ஒரு கத்தல் கேட்டது.

"அடேய் ராக்கா! கீழ ஒரு பொம்பளப்பிள்ளை நிக்குதுடா!"

சேவுகன். கையிலிருந்த முட்டுக்கட்டையைத் தேர்ச் சக்கரத்துக்குக் கொடுக்காமல், திரும்பி, ஏறி வந்த மெஷினின் முன்சக்கரத்தடியில் எறிந்திருக்கிறார். தேரையே நிறுத்துகிற கட்டை, மெஷின் எம்மாத்திரம். கொட்டு ஒவ்வொன்றாக அடங்கியது. வெடியும் ஓய்ந்தது. ஊர்க்காரர்கள் எழுநூறு பேர் நின்ற வீதியில், கீழே ஒரு ஆள் நிற்கிறது என்று அந்த ஒருவருக்குத்தான் ஞாபகம் இருந்திருக்கிறது.

மறுபடி கிளம்பி மெஷின் பின்வாங்கியது. முள் இரண்டு புள்ளி ஒன்பதுக்கு இறங்கியது. முன்னே இரண்டு புள்ளி எட்டில் நின்றது, இப்போது ஒன்பது. அந்த ஒரு புள்ளிதான் 'டிக்' சத்தத்தின் விலை.

அதற்கப்புறம் நடந்ததை முத்துராஜ் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வடத்துக்கு ஓடினார்களாம். ராக்கன் மெஷினை அணைத்துவிட்டு இறங்கி, தலையில் அடித்துக்கொண்டு அழுதபடியே பாலத்தைச் சுற்றி வாய்க்காலைக் கடந்து போய் வடத்தைப் பிடித்தானாம். கீழே அவளுக்குக் கேட்டதெல்லாம் ஒரே ஒரு நீண்ட சத்தம், அப்புறம் சக்கரம் விளிம்பை ஏறி இறங்கிய 'கடக்'. இரண்டரை. ஒன்றரை. அரை. குலவைச் சத்தம் வீதியோடு தூரமாகப் போனது.

எல்லாரும் தேரோடு போய்விட்டார்கள். பாலம் நின்றுவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். நின்றதா இல்லையா என்று இனிமேல்தான் தெரியும். சுமை போன பிறகு உத்தரம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் உள்ளே எதுவோ செத்துப்போனது என்று அர்த்தம். முள் பூஜ்யம் புள்ளி நாலில் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. வனிதா மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்தாள். புள்ளி மூன்று ஆனது. வெகுநேரம் கழித்து இரண்டு. முத்துராஜ் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், வாங்கத் தோன்றவில்லை. ஒன்று. அப்புறம் ஒரு துடிப்பு துடித்து, பூஜ்யத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

அப்போதுதான் அழுதாள். வெட்கம் பாராமல், சத்தம் போட்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். முத்துராஜ் அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார்.

தேர் நிலைக்கு வந்த பிறகு குமரப்பனும் சேவுகனும் வாய்க்காலுக்குள் இறங்கி வந்தார்கள். குமரப்பனின் உள்ளங்கை இரண்டும் வடம் அறுத்து ரத்தம் கன்றியிருந்தது. சேவுகன் நெற்றி நிறையத் திருநீறு.

"பாலத்தைத் தாண்டும்போது மணி என்ன தெரியுமாம்மா?" என்றார் சேவுகன். "பத்து அம்பத்தாறு. முழு ராகு காலம்." சொல்லிவிட்டுக் குமரப்பனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

குமரப்பன் அந்த ஆறாவது பட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு போட்டுரணும்மா. என்னைக்கு வாரீங்க?"

"பட்டை வர மூணு வாரம் ஆகுங்க. வந்ததும் ஒரு திங்கக்கிழமை வாரேன்." வனிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "காலையில ஏழரைக்கு ஆரம்பிப்பேன்."

திங்கட்கிழமை ஏழரை என்றால் என்ன என்று அங்கே நின்ற நாலு பேருக்கும் தெரியும். குமரப்பன் கன்றிப்போன கையைப் பார்த்தார், அவள் நின்ற இடத்து மணலைப் பார்த்தார்.

"ஏழரைக்கே ஆரம்பிங்கம்மா," என்றார். "மெஷினையும் தேரையும் சேத்து ஏத்திப் பாக்குற அன்னைக்கு, கீழ ஒங்க பக்கத்துல நானும் வந்து நிக்கிறேன்."